கூட்டத்தில் சினை நிற்காத முயல்கள்

ஓர் ஆண், ஆறு பெண். கம்பிவலை அடித்த ஒரு கொட்டகை, தரையில் உமியும் வைக்கோலும், மூலையில் தீவனத் தட்டு. மாதத்துக்கு முப்பது நாற்பது குட்டி தேறும் என்று கணக்குப் போட்டுத்தான் முயல்களை இறக்கியிருப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், "ரெண்டு தடவை முடியைப் பிடுங்கிக் கூடு கட்டுச்சுங்க, குட்டியத்தான் காணோம்" என்பார் ஒருவர். "குட்டி போட்டுச்சு, மறுநாள் பார்த்தா எல்லாம் செத்துக் கிடந்துச்சு" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பெண் முயல்களை மலடு என்று முடிவுகட்டிக் கறிக்கு அனுப்பிவிட்டு, வேறு பெண் முயல்களை வாங்கி விட்டிருப்பார். அவற்றுக்கும் சினை நின்றிருக்காது.

இனப்பெருக்கத்துக்கே பேர்போன பிராணி இது. 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார், வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து வரவழைத்து, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இருந்த தம் பண்ணையில் விட்டவை 24 முயல்கள்தாம் என்பார்கள். அரை நூற்றாண்டுக்குள் முயல் படை அந்தக் கண்டத்தின் பெரும்பகுதியைத் தின்று தீர்த்தது. அதற்கு முன்பும் பலர் அங்கே முயல் கொண்டுபோயிருந்தாலும், படையெடுப்புக்கு மூலகாரணம் ஆஸ்டினின் முயல்களே என்று 2022-ல் வெளியான மரபணு ஆய்வு உறுதிசெய்தது. ஒரு கண்டத்தை நிரப்பிய அதே இனம் நம்முடைய கொட்டகையை நிரப்ப மறுப்பது ஏன்?

முயலின் கருப்பை தன்னைச் சுற்றியுள்ள கூட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டே வேலை செய்கிறது என்பதுதான் விடை. யார் யார் மேல் ஏறினார்கள், யார் யாரைத் துரத்தினார்கள், யாருக்கு நல்ல வளை கிடைத்தது என்பதையெல்லாம் பொறுத்து முட்டை வெளிப்படும், கரு தங்கும், குட்டி பிழைக்கும். திறந்த நிலத்தில் இந்த ஏற்பாடு அதற்குச் சாதகம். நான்கு சுவருக்குள் அதுவே பாதகமாகிவிடுகிறது.

நம் புன்செய்க் காடுகளில் நாய்க்குப் பயந்து பாய்கிற காட்டு முயலை மனத்தில் வைத்துக்கொண்டு பண்ணை முயலைப் புரிந்துகொள்ள முடியாது. காட்டு முயல் வளை தோண்டாது. பெரும்பாலும் தனித்தே திரியும். அதன் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். (அதைப் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவைக்கலாம்.) பண்ணை முயலின் மூதாதை ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தின் வளைமுயல். மண்ணுக்கடியில் கிளைகிளையாக ஓடும் வளைகளில் சிறு சிறு கூட்டமாக வாழ்வது. அதன் குட்டி முடியில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். இரண்டுக்கும் குரோமோசோம் எண்ணிக்கைகூட ஒன்றல்ல: காட்டு முயலுக்கு 48, வளைமுயலுக்கு 44. மனிதரோடு பல நூற்றாண்டு வாழ்ந்து, எடை கூடி, நிறம் மாறி, 'ஒயிட் ஜெயன்ட்' என்றும் 'சோவியத் சின்சில்லா' என்றும் பெயர் வாங்கிய பிறகும் அதன் குணம் வளைக்குரிய குணம்தான்.

ஆடும் மாடும் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். கருமுட்டை தானாக வெளிப்படும். முயலுக்கு அந்தச் சுழற்சி கிடையாது. சூலகத்தில் முட்டைகள் முதிர்ந்து காத்திருக்கும், இணை சேர்ந்தால்தான் வெளியே வரும். கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த வால்டர் ஹீப் 1905-ல் இதை விளக்கமாக எழுதினார். (இதே ஹீப்தான் 1890-ல் ஓர் அங்கோரா முயலின் கருக்களை எடுத்து, வேறு ஆணோடு சேர்ந்திருந்த பெல்ஜியன் ஹேர் இனப் பெண் முயலுக்குள் வைத்தார். அது ஈன்ற ஆறு குட்டிகளில் இரண்டு அங்கோராவாகப் பிறந்தன. உலகின் முதல் கருமாற்றம் அது. இன்றைய வாடகைத் தாய் முறைக்கு வழி அங்கேதான் தொடங்குகிறது.) இணை சேரும்போது ஏற்படும் தொடு உணர்வு நரம்பு வழியே மூளைக்குப் போகிறது, பிட்யூட்டரி சுரப்பி லூட்டினைசிங் ஹார்மோனை ஒரே மூச்சில் வெளியேற்றுகிறது, 10 முதல் 12 மணி நேரத்தில் முட்டைகள் வெளிப்படுகின்றன.

இந்தக் குணத்தை மருத்துவம் ஒரு காலத்தில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. 1931-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மாரிஸ் ஃபிரீட்மனும் மேக்ஸ்வெல் லாப்பமும் கர்ப்பப் பரிசோதனை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெண்ணின் சிறுநீரைப் பெண் முயலின் காதில் ஓடும் ரத்தக்குழாயில் செலுத்தி, சுமார் இரண்டு நாள் கழித்து முயலை அறுத்துச் சூலகத்தைப் பார்ப்பார்கள். முட்டை வெளிப்பட்ட தடயம் இருந்தால் அந்தப் பெண் கர்ப்பம். கர்ப்பிணியின் சிறுநீரில் உள்ள ஹார்மோன் முயலுக்குள் லூட்டினைசிங் ஹார்மோனின் வேலையைச் செய்துவிடும். முயல் தானாக முட்டை விடாது என்பதால்தான் இந்தச் சோதனை செல்லுபடியாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சோதனைக்கு முன் அந்த முயல் பிற முயல்களோடு சேராமல் தனிக்கூண்டில் இருந்திருக்க வேண்டும். ஆணோடு மட்டுமல்ல, இன்னொரு பெண்ணோடு இருந்தாலும் முடிவை நம்ப முடியாது.

கொட்டகையில் நடப்பது அதுதான். பெண் முயல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். யார் பெரியவள் என்று காட்டவும் ஏறும், பருவ வேகத்திலும் ஏறும். அந்தத் தொடு உணர்வே போதும், கீழே நிற்கும் முயலுக்கு முட்டை வெளிப்பட்டுவிடும். விந்தணு இல்லாததால் கரு உண்டாகாது. ஆனாலும் முட்டை கழன்ற இடத்தில் உருவாகும் மஞ்சள் திசு புரோஜெஸ்டெரோனைச் சுரக்க, உடல் தன்னைச் சினை என்றே நினைத்துக்கொள்ளும். 16 முதல் 18 நாள் வரை இந்தப் பொய்ச்சினை நீடிக்கும். அதுவரை ஆணை அண்ட விடாது. முடியும்போது மார்பு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும். வளர்ப்பவர் வைக்கோல் போட்டுக் காத்திருப்பார், ஒன்றும் பிறக்காது. அடுத்த சில நாளில் மறுபடி யாராவது மேலே ஏறினால் இன்னொரு 18 நாள் போச்சு. முடி பிடுங்கியும் குட்டி காணோம் என்று புலம்புகிறவர்களில் பலருடைய முயல் உண்மையில் சினையாகவே இருந்திருக்காது.

கூட்டத்துக்குள் ஆணும் இருக்கிறதே, அது சேர்ந்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. முயலுக்கு வியர்த்துக் குளிரும் வசதி இல்லை. பெரும்பாலும் காது வழியேதான் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 15 முதல் 25 டிகிரி வரை அதற்குச் சுகம். 30-ஐத் தாண்டித் தொடர்ந்தால் ஆணின் விந்து கெடத் தொடங்கும். முயலுக்கு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும் என்பதால், மே மாத வெயிலில் பட்ட அடி ஜூலை வரை தெரியும். இதற்கிடையே ஆணின் வேகம் முழுதாகக் குறைந்திருக்காது, ஏறும், சேரும். பெண்ணுக்கு முட்டை வெளிப்படும், கருக்கூட்ட உயிருள்ள விந்தணு இருக்காது. விளைவு மறுபடியும் பொய்ச்சினை. கெட்டுப்போன ஆண் ஒன்று கூட்டத்துக்குள் இருப்பது, ஆணே இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

நம்மூரில் கறி முயல் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் பலர் தேடிப் போகிற இடங்களில் ஒன்று, கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம். அங்கே கம்பளி போர்த்திக்கொள்ளும் குளிர். அங்கிருந்து வாங்கிய ஆணைத் தகரக் கூரை போட்ட சமவெளிக் கொட்டகையில் விட்டுவிட்டு மையத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஐரோப்பிய நூல்கள் இலையுதிர்காலத்தில் பகல் சுருங்கும்போது முயலின் இனப்பெருக்கம் தளர்வதைப் பற்றி நிறையப் பேசும், 14 முதல் 16 மணி நேரம் விளக்கெரியச் சொல்லும். தமிழ்நாட்டில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம் அளவுக்குத்தான் வித்தியாசம். நம் முதல் எதிரி வெயில்தான். விளக்குக்குச் செலவழிக்கும் பணத்தைக் கூரை மேல் தென்னங்கீற்று வேயச் செலவழிக்கலாம்.

சினை உண்மையிலேயே நின்று, பிறகு காணாமல் போவதும் உண்டு. அனுபவமுள்ள கை 12 முதல் 14 நாளில் வயிற்றைத் தடவினால் திராட்சை அளவில் உருண்டைகள் தட்டுப்படும். பத்து நாள் கழித்துத் தடவினால் எதுவும் இல்லை. ரத்தம் இல்லை, குறைப்பிரசவத் தடயம் இல்லை. கருக்களை உடலே கரைத்து உள்வாங்கிக்கொண்டுவிட்டது. வேல்ஸ் நாட்டின் பாங்கர் நகரில் பேராசிரியராக இருந்த பிராம்பெல் 1940-களில் காட்டில் பிடிபட்ட வளைமுயல்களைப் பரிசோதித்து, உண்டாகும் சினைகளில் பெரும் பங்கு ஒட்டுமொத்தமாக இப்படிக் கரைந்துபோவதைக் கண்டார். தீனி போதாமையும் நோயும் வெப்பமும் இதற்குக் காரணமாகலாம். நெரிசலும் துரத்தலும் தரும் அச்சமும் அந்தப் பட்டியலில் உண்டு. காட்டில் இது சிக்கனம். பிழைக்க வழியில்லாத குட்டிகளை ஈன்று பால் கொடுத்துச் சாகவிடுவதைவிட, கருவிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டு, நல்ல நேரம் பார்த்து மறுபடி சினை பிடிப்பது தாய்க்கு லாபம்.

துரத்துவது யார்? பெரும்பாலும் மற்றப் பெண்கள். ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் மைக்கிடோவிச் என்பவர் கான்பராவில் வேலியடைத்த நிலத்தில் முயல்களை விட்டு 1950-களின் இறுதியிலிருந்து கூர்ந்து கவனித்தார். ஆண்களுக்குள் ஒரு தரவரிசை, பெண்களுக்குள் தனியாக ஒரு தரவரிசை. மேல்நிலைப் பெண்ணுக்குத்தான் பொது வளைக்குள் குட்டி ஈனும் உரிமை. கீழ்நிலைப் பெண் தொலைவில் போய் ஆழமில்லாத ஒரு குழியைத் தோண்டி ஈனும். அதன் குட்டிகள் நரிக்கும் மழைக்கும் எளிதில் பலியாகும். பெரியவளின் குட்டிகள் அதிகம் பிழைத்தன. கீழே இருந்தவற்றின் இனப்பெருக்கம் எல்லா வகையிலும் பின்தங்கியது.

இப்போது நம் கொட்டகையைப் பாருங்கள். தரவரிசை அப்படியே இருக்கிறது. விலகிப் போகத் தொலைவு மட்டும் இல்லை. காட்டில் இரண்டு பாய்ச்சலில் முடிந்துவிடும் சண்டை, பத்தடி அறைக்குள் முடிவதே இல்லை. தோற்ற முயல் பகல் முழுக்க மூலையில் ஒண்டியிருக்கும், தட்டுக்கு வந்தால் கடிபடும். பெரியவள் அடர்தீவனத்தை வளைத்துத் தின்று கொழுத்துவிடுவாள். கொழுத்த முயலுக்கும் சினை சரியாக நிற்காது என்பதால் அவளும் குட்டி தருவது குறையும். இரண்டு ஆண் இருந்தால் இன்னும் கேடு. விரையைக் கடித்துக் குதறிவிடுமளவு சண்டை போடும்.

இவ்வளவையும் தாண்டிக் குட்டி பிறந்துவிட்டால், அடுத்த கண்டம் கூடு. நாயும் பூனையும்போல முயல் குட்டிகளோடு படுத்துக் கிடக்காது. பொதுவாக நாளுக்கு ஒருமுறை வரும், மூன்று நான்கு நிமிடம் பால் கொடுக்கும், போய்விடும். காட்டில் என்றால் வாசலை மண்ணால் மூடிவிட்டும் போகும், வாடை பிடித்து எதுவும் வராமலிருக்க. அந்தச் சில நிமிடத்தில் கண் தெரியாத குட்டி முலைக்காம்பைக் கண்டுபிடிக்க உதவுவது ஒரு வாசனை. தாயின் பாலிலிருந்து வரும் ஒற்றை வேதிப்பொருளே அந்தத் தேடலைத் தூண்டுகிறது என்று பிரான்சில் பெனுவா ஷால் குழுவினர் 2003-ல் கண்டறிந்தார்கள். கொழுப்பும் புரதமும் மிகுந்த பால், பசும்பாலைவிட மிகவும் கெட்டி. ஒரே வேளையில் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குடித்துவிட்டு, குட்டி மறுநாள் வரை தாக்குப்பிடிக்கும்.

ஆகவே, "தாய் கூட்டுப் பக்கமே போகலை, குட்டியைக் கைவிட்டுட்டா" என்று அவசரப்பட்டுக் கிளறுவது தவறு. காலையில் குட்டிகளின் வயிறு உருண்டு, தோல் சுருக்கமில்லாமல் இருந்தால் பால் கிடைத்திருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு ஒரு கூட்டுக்கு ஒரு தாய் என்ற கணக்கில்தான் நடக்கும். கொட்டகையில் பொதுவாக மூலைக்கு ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். அதில் நல்ல இருட்டான பெட்டி எதுவோ அதைத்தான் எல்லாப் பெண்களும் விரும்பும். நான்கு நாள் வயதான குட்டிகள் கிடக்கும் பெட்டிக்குள் இன்னொன்று போய் ஈனும். முதல் ஈற்றுக் குட்டிகள் மிதிபடும், அல்லது வளர்ந்த குட்டிகள் பாலைப் பறித்துக்கொள்ள, புதியவை வாடிச் சாகும். எட்டுப் பத்துக் காம்புக்குப் பதினைந்து வாய். குட்டி ஈனாத முயல் புகுந்து கூட்டைக் கிளறுவதும், கடித்துப் போடுவதும் உண்டு. பால் குடித்துக்கொண்டே காம்போடு தொங்கி வெளியே வந்து விழுந்த குட்டியின் கதி இன்னும் பரிதாபம். பூனைபோலக் கவ்வி எடுத்துக் கூட்டில் போடும் பழக்கம் முயலுக்கு இல்லை. முடியில்லாத அந்தச் சின்ன உடல் விரைவில் குளிர்ந்துவிடும். மறுநாள் செத்துக் கிடந்த குட்டிகளுக்குத் தாயின் மீது பழி போடுகிறோம். பல நேரங்களில் கொன்றது நல்ல பெட்டிகளின் பற்றாக்குறை.

ஈன்ற சில மணி நேரத்திலேயே பெண் முயல் மறுபடி ஆணை ஏற்கும். ஆண் கூட்டத்துக்குள்ளேயே இருந்தால் அன்றே சேர்ந்துவிடும். ஒரு பக்கம் ஏழெட்டுக் குட்டிக்குப் பால், மறுபக்கம் வயிற்றில் அடுத்த சினை. நல்ல காட்டுப் பருவத்தில் முயல் இதைச் சமாளிக்கும். அகத்தியும் வேலிமசாலும் கிடைத்தால் ஒருநாள், கிடைக்காவிட்டால் வெறும் புல் என்று ஓடும் பண்ணையில் இரண்டே ஈற்றில் எலும்பு தெரியும். சினை கரைவது, குட்டி சிறுப்பது, பால் வற்றுவது எல்லாம் அங்கிருந்து தொடங்கும். வளர்ந்து வரும் குட்டிகளையும் அங்கேயே விட்டிருந்தால், நான்கு மாதத்தில் அண்ணனும் தங்கையும் சேரும், ஐந்தாம் மாதம் அப்பன் மகளோடு சேரும். சில தலைமுறையில் ஈற்றுக்குக் குட்டி எண்ணிக்கை சுருங்கும். ரத்தக்கழிச்சல் ஈரக் கூளத்தில் பரவிக் குட்டிகளைக் கொல்வதும், இனச்சேர்க்கை வழியே பரவும் புண்நோய் ஓர் ஆணிடமிருந்து எல்லாப் பெண்ணுக்கும் தொற்றுவதும் தனிக்கதை. பிறப்புறுப்பிலோ மூக்கிலோ சிரங்குபோலக் கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பென்சிலின் ஊசியாகப் போட்டால் குணமாகும், வாய்வழி கொடுத்தால் குடல் கெட்டு முயல் செத்துப்போகலாம்.

அப்படியானால் கூண்டுதான் நியாயம் என்று சொல்லிவிடலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. கருக்கள் கரைவதை ஆராய்ந்த அதே பிராம்பெல்தான், பண்ணை விலங்குகளின் நலன் பற்றி பிரிட்டிஷ் அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்து 1965-ல் அறிக்கை கொடுத்தவர். எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடலை நக்கிச் சுத்தம் செய்ய, கைகால் நீட்ட ஒரு விலங்குக்கு இடம் வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. சின்னக் கம்பிக் கூண்டில் முயலுக்கு இதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. பாதத்தில் புண்ணும் வரும். அதனால்தான் சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து போன்ற நாடுகளில் பெண் முயல்களைக் குழுவாக வைத்துப் பார்க்கும் முயற்சிகள் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. அங்கேயும் இதே தொல்லைகள்தாம் எழுந்தன: கடிகாயம், பொய்ச்சினை, ஒரே பெட்டியில் இரண்டு ஈற்று. அவர்கள் வந்து சேர்ந்த சமரசம் எளிமையானது. ஈனும் காலத்தில் தனி அறை, குட்டிகள் ஓரளவு தேறியபின் மறுபடி கூட்டம்.

நம் கால்நடைத் துறையினரின் கையேடுகள் உமியும் வைக்கோலும் பரப்பிய தரையில் கூட்டமாக வளர்க்கும் ஆழ்கூள முறையைச் சிறு எண்ணிக்கைக்கு மட்டும் பரிந்துரைத்து, ஆணைத் தனியே வைக்கச் சொல்வதும் இதனால்தான். என் கருத்தில் அந்த ஒரு வரியை மட்டும் கடைப்பிடித்தாலே பாதித் தொல்லை தீரும். கூட்டம் வளரும் குட்டிகளுக்கு நல்லது. ஓடியாடட்டும், மூன்று மாதத்துக்குள் ஆண் பெண் பிரித்துவிட்டால் போதும். இனப்பெருக்கத்துக்கான பெண்களையும் பகலில் ஒன்றாக மேய விடலாம், பழகிய சகோதரிகளாக இருந்தால் சண்டையும் குறைவு. ஆனால் ஆணுக்குத் தனி இடம், நிழலான இடம் வேண்டும். சேர்க்கைக்குப் பெண்ணை ஆணிடம் கொண்டுபோக வேண்டும். ஆணைப் பெண்ணின் இடத்துக்குக் கொண்டுவந்தால் அவள் தன் எல்லையைக் காக்கச் சண்டைக்கு நிற்பாள். பெண்ணின் பிறப்புறுப்பு வெளிறியிருந்தால் காத்திருங்கள், சிவந்து தடித்திருந்தால் விடுங்கள். காலையிலோ மாலையிலோ விட்டால், சேர்ந்ததும் ஆண் கீச்சென்று கத்திப் பக்கவாட்டில் விழும். அந்தத் தேதியை எழுதிவைப்பதுதான் முக்கியம். தேதி இருந்தால் 12-ஆம் நாள் வயிறு தடவலாம், 27-ஆம் நாள் தனியறையில் பெட்டி வைக்கலாம், 31-ஆம் நாள் குட்டியை எதிர்பார்க்கலாம். இரண்டு முயலை ஒரே நாளில் சேர்த்திருந்தால், அதிகம் ஈன்றதன் குட்டிகளில் சிலவற்றைக் குறைவாக ஈன்றதிடம் மாற்றியும் வளர்க்கலாம். ஆணும் பெண்ணும் கலந்து திரியும் கூட்டத்தில் இந்தத் தேதி எவருக்கும் தெரியாது.

ஆகவே கூட்டத்தில் வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பெண் முயலை மலடு என்று கறிக்குப் பிடிக்கும் முன், அதை மூன்று வாரம் தனிக் கூண்டில் வையுங்கள். இருந்தது பொய்ச்சினையானால் அதற்குள் முடிந்திருக்கும், மெய்ச்சினையானால் தடவினால் தெரியும். இரண்டும் இல்லை என்றால், அண்மையில் குட்டிக்குக் காரணமாயிருந்த ஓர் ஆணிடம் ஒரு மாலை கொண்டுபோய் விட்டு, 12 நாள் பொறுத்து வயிற்றைத் தடவிப் பாருங்கள். அதன் பிறகு முடிவெடுங்கள்.